புதுப் பல்லும் குரவையும்

"நான் மட்டக்களப்புக்கு ஏன் போன எண்டு உனக்கு என்னத்துக்குடி? அடுப்பில சோறு கருகுது, போய்ப் பாரு!"

போகமாட்டாய். சரி, கேள்.

மார்கழி மழை. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸுக்கு நிற்கிறேன். வாயில் புதுப் பல் செட். சற்று முன்தான் பல் டாக்டர் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை உன் அக்காவுக்கு, என் மூத்த பேத்திக்குக் கலியாணம். எங்கள் தெருவில் மாப்பிள்ளை வந்திறங்கினால் நாக்கைச் சுழற்றிக் குரவை ஒலியைத் தொடங்குவது நான்தான். முன்பல் விழுந்த நாள் முதல் வெறும் காற்றுத்தான் வருகிறது. இந்தப் பல்லோடாவது குரவை வருமா?

பக்கத்தில் ஒரு பக்கீர் பாவா றபான் மேளம் தட்டிப் பாடுகிறார். தாளம் ஏற ஏற என் நாக்கு சும்மா இருக்கவில்லை. முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குரவை விடுகிறேன். மேல்பல் கழன்று முக்காட்டுக்குள் விழுகிறது. பாவாவின் கை நிற்கிறது.

"என்ன உம்மா, இஞ்ச கலியாண ஊடா?"

பல்லை மாட்டிக்கொள்கிறேன். "இன்னும் இல்ல பாவா, வெள்ளிக்கிழமதான். இண்டைக்குப் பல்லுக்குப் பரீட்ச."

"அப்ப குரவையத் திரும்பப் போடுங்க. நான் அடிக்கன்."

பெருவிரலால் மேல்பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு குரவை விடுகிறேன். பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிறது. கச்சான் கடலை விற்கிறவளும் சேர்ந்து குரவை போடுகிறாள்.

வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தாரிடம், "மட்டக்களப்பில என்ட குரவைக்கு றபான் அடிச்சாங்க" என்று மட்டும் சொன்னேன். பல் விழுந்த கதை உனக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை நான் வாயில் விரல் வைத்திருந்தால், வெட்கப்படுகிறேன் என்று சொல்லிவிடு.