வாய்க்கால் தெருவின் கதவு எண்கள்

சுகன்யாதேவியின் மேசை என் மேசைக்கு எதிரே. பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் ஆலோசனை நிறுவனம். ஜெர்மன் உதவிப் பணத்தில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளின் நிர்வாகத்தைச் சீர்திருத்துவது அதன் வேலை. ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வந்த சுகன்யா, செங்காட்டூர் பேரூராட்சிக்குப் புகார் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். பதிவான புகாரை யாராலும் அழிக்க முடியாது. அது அவரே பிடிவாதமாக வைத்த விதி. அவருடைய அப்பா ஊர்க் குழாய்க்காகக் கொடுத்த மனுக்களெல்லாம் அலுவலகத்துக்குள் போய்க் காணாமல் போனவை.

"இனி ஒருத்தரும் கிழிச்சுப் போட முடியாது பாருங்க" என்பார். கேட்க எனக்கும் பெருமையாக இருக்கும். எங்கள் இருவர் வீட்டிலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆட்கள் நாங்கள்தான்.

புகார் அதிகமுள்ள தெருக்களுக்குப் புதுக் குழாய் என்று ஏற்பாடு. பட்டியல் முடிவாகும் வாரத்தில்தான் சுகன்யா கவனித்தார்: வாய்க்கால் தெருவின் குடிநீரில் சாக்கடை கலக்கிறது, ஆனால் தெரு பட்டியலில் இல்லை. அத்தனை புகாரும் ஒரே கைபேசி எண்ணிலிருந்து வந்ததால் செயலி ஒரே ஆளாக எண்ணிவிட்டது. அந்த எண்ணை அழைத்தார். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் மல்லிகா எடுத்தார்.

"எல்லாருக்கும் நான்தாம்மா போடுறேன். வீடெல்லாம் வாய்க்கால் புறம்போக்கு. அட்ரஸக் குடுத்து நாமளே மாட்டிக்கவா? என் கடை மட்டுந்தான் பட்டா எடம்."

"அக்கா, இது தண்ணிக்கான ஆப். எடத்தப் பத்தி ஒண்ணும் கேக்காது. அவங்கவங்க போன்ல, கதவு நம்பரோட போடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"பெர்லின்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவீங்க. இங்க ஆபீஸ் ஜீப்பு சத்தம் கேட்டாலே கதவச் சாத்துற சனம்மா."

"பயப்படாதீங்கக்கா. நான் பொறுப்பு."

மல்லிகா வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் திரையில் புகார்கள் வரிசையாக விழுந்தன. பட்டியலில் தெரு ஏறியது. சுகன்யா எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த வாரம் பேரூராட்சிச் செயல் அலுவலர் பாலமுருகன் அழைத்தார். குரலில் கோபமில்லை, களைப்புதான்.

"என்ன மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ரூல்படிதானே சார் லிஸ்ட்ல வந்துச்சு?"

"அந்தத் தெருவை எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாங்க. நானும் அப்படித்தான். குழாய்ப் பழுதுன்னு கணக்கெழுதி அப்பப்ப ஏதோ செஞ்சு குடுத்தோம். இப்போ உங்க ஆப்ல பேரோட, கதவு நம்பரோட கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தெரியுது. நீர்நிலை ஆக்கிரமிப்பு மேடம். கோர்ட் ஆர்டர் இருக்கு. தெரியாதுன்னு இனி எந்த வாயால சொல்வேன்?"

"அப்போ குழாய்?"

"வீடே இருக்காதுங்கிறேன், குழாயக் கேக்கறீங்க."

சுகன்யா திட்டத் தலைவியிடம் ஓடினார். நில விவகாரம் நம் ஒப்பந்தத்தில் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். திரும்பி வந்து, பதிவுகளை அழிக்கத் தனக்கிருந்த எல்லா வழிகளிலும் முயன்றார். தான் கட்டிய பூட்டுக்குத் தன்னிடமே சாவியில்லை. நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்; தொடவில்லை.

மல்லிகாவின் அழைப்பு வந்தது. இரண்டு முறை விட்டுவிட்டு மூன்றாம் முறை எடுத்தார்.

"கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்கம்மா. ஒரு நம்பர்கூடத் தப்பில்ல. என் கடைப்பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல, மண்ணள்ளித் தூத்துறாங்க. பொறுப்புன்னீங்களே, நீங்களே சொல்லுங்கம்மா இவங்ககிட்ட. போன ஸ்பீக்கர்ல போடுறேன்."

பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. "அக்கா" என்றார் சுகன்யா.

அப்போது திரையில் அந்தத் தெருவிலிருந்து ஒரு புதுப் புகார் விழுந்தது: 'எங்களுக்குத் தண்ணி வேண்டாம். எங்க பேரை எடுத்துடுங்க.'

அதுவும் கதவு எண்ணோடு பதிவானது.