பாதியில் நின்ற முள்

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. காரும் நின்றது. பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் போகும் ஏற்றத்தில், பின்னால் காய்கறி லோரிகள் வரிசை கட்டி ஹார்ன் அடிக்க, பிரெட்ரிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த முள்ளையே முறைத்தார். அரைத் தொட்டி இருக்கிறது என்று அது சத்தியம் செய்தது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் மகள் ஜூலியானா சன்னல் வழியாக முட்டைக்கோஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"த்தூ!" என்று வெளியே துப்பினார். எத்தனை வருஷம் இந்த மலையில் லோரி ஓட்டியவர்! எண்ணெய் தீர்ந்து நடுரோட்டில் நின்றான் பிரெட்ரிக் என்று ஒருவன் சொன்னதுண்டா?

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் அவர். உரமூட்டை சுமந்தார். தோட்டத்து லோரியில் கிளீனராக ஏறி டிரைவரானார். இன்று திரிங்காப் சரிவில் சொந்தச் செவ்வந்தித் தோட்டம், சொந்த லோரி, ஓடு போட்ட சொந்த வீடு. ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை அவர் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் யாரும் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் உரமூட்டையிலிருந்து மறுபடி தொடங்குவார்.

அந்த வீரா காரைப் போன வருஷம் கொர்னேலியஸிடம் வாங்கினார். கொர்னேலியஸ் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அந்த ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் பிரெட்ரிக். அதே கிராணியார் தன் காரை அவரிடம் விற்றார். பிறகு தன் மகன் ராய்ஸ்டனுக்கு ஜூலியானாவைப் பெண் கேட்டும் வந்தார். வருகிற சனிக்கிழமை நிச்சயதார்த்தம்.

கோயிலில், சந்தையில், பூ ஏற்றும் இடத்தில், பிரெட்ரிக் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு திரிந்தார். "கிராணி வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறேன். கிராணி வீட்டுக் கார் ஓட்றேன். ஷெட்டுலயே இருந்த கார், சேறு பாக்காத கார்!"

அந்தக் கடைசிச் சொல்லுக்கு இந்த மலையில் மதிப்பு உண்டு. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்த வருஷம் எத்தனையோ வண்டிகள் கூரை வரை மூழ்கின. அவற்றில் சிலதைக் கழுவி, செண்டு அடித்து, வெளியூர்க்காரன் தலையில் கட்டினார்கள். மலைக்குக் கீழே ஈப்போ டவுன்காரன் ஏமாறலாம். மலையில் இருப்பவன் சேற்றுக் கார் வாங்கினால் அவன் மனிதனே இல்லை. "அந்தோணியார் மேல சத்தியமா, இந்தக் கார் பள்ளத்தாக்குக்கு எறங்கினதே இல்ல" என்று கிராணியார் கை உயர்த்திச் சொன்ன பிறகுதான் பிரெட்ரிக் சாவியை வாங்கினார்.

நடுரோட்டில் நின்ற மறுநாள் பிரிஞ்சாங் மெக்கானிக் குகனிடம் காரைக் கொண்டுபோனார். குகன் டேஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மீட்டர் போச்சு அங்கிள்" என்று வேறொரு பழைய மீட்டரை மாட்டினான். முள் அதே பாதியில் வந்து நின்றது.

"பழைய கார் அப்படித்தான்லா அங்கிள். கிலோமீட்டர பாத்து எண்ணெய் அடிச்சுக்கிங்க."

"இத சொல்லவாடா ஒனக்கு ஒர்க்‌ஷாப்பு? டேங்குல என்ன பிரச்சினன்னு எட்டிப் பாத்தியா நீ?"

"டேங்க தொறந்தா நாறும் அங்கிள்."

பிரெட்ரிக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கையில் கிரீஸ் படாமல் மெக்கானிக் வேலை பார்க்கிற காலம்! காரை வீட்டுக்கு ஓட்டி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே இறங்கினார்.

பின்சீட்டைத் தூக்கினார். அடியில் ஓர் இரும்பு மூடி. அதைத் திறந்தால் தொட்டியின் தலையும், முள்ளுக்குப் போகிற ஒயரும். மகளை முன்னால் உட்கார வைத்து சாவியைத் திருகச் சொன்னார். ஒயரைப் பிடுங்கினார்.

"முள்ளு எங்க?"

"கீழ எறங்கிருச்சுப்பா. காலி."

அதே ஒயரின் நுனியை ஒரு கணம் காரின் இரும்பில் தொட வைத்தார்.

"இப்போ?"

"மேல ஏறுது. ஃபுல்."

ஆக, மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. கோளாறு தொட்டிக்குள். எண்ணெயோடு ஏறி இறங்க வேண்டிய மிதவை எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் குகன் வேறு மீட்டர் மாட்டியிருக்கிறான், கால் வலிக்குத் தொப்பி மாட்டின மாதிரி!

பேட்டரியைக் கழற்றினார். கதவுகளைத் திறந்து போட்டார். அடுப்பை அணைக்கச் சொல்லி மனைவி பவுலினுக்குக் குரல் கொடுத்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றி மிதவையை மெல்ல மேலே இழுத்தார்.

அது வெளியே வந்தபோது கையை உதறினார். மிதவை ஆடுகிற மூட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் அப்பிக் கெட்டியாகிக் கிடந்தது. டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தார். அடியில் வழவழவென்று அதே சாம்பல். விரலால் எடுத்துத் தேய்த்தார். முகப்பவுடர் மாதிரி நைசாக இருந்தது. பெட்ரோல் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை: அழுகிய கோஸ், செத்த நாய், சாக்கடை.

அந்த வாடை அவருக்குத் தெரியும். வெள்ளம் வடிந்ததும் லெம்பா பெர்த்தாமில் சொந்தக்காரர்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அதை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியவர். அப்போது சோறு இறங்கவில்லை. விரலைத் துணியில் மறுபடி மறுபடி துடைத்தார்.

"சத்தியம் பண்ணானே, பாவி!"

ஹார்லிக்ஸ் போத்தல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தொட்டியின் அடியிலிருந்து அதை நிரப்பினார். பவுலின் கையைப் பிசைந்தாள்.

"என்னங்க, சனிக்கெழம வரைக்கும் பொறுங்களேன். கல்யாணப் பேச்சு."

"புனிதர் மேல பொய்ச் சத்தியம் பண்ற வீட்டுல எம்பொண்ணு போய் சோறாக்கணுமா? இவன் பேச்ச நம்பி எப்படிடி அனுப்புறது?"

லோரியை எடுத்தார். ஜூலியானாவும் ஏறிக்கொண்டாள்.

கிராணியார் வீட்டில் தேநீர் வந்தது. பிரெட்ரிக் அதைத் தொடவில்லை. போத்தலைத் தட்டின் பக்கத்தில் வைத்தார். மேலே தெளிந்த பெட்ரோல், கீழே நாலு விரல் சேறு.

"என்ன சம்பந்தி இது?" என்றார் கொர்னேலியஸ்.

"ஷெட்டுலயே இருந்த கார் கக்குனது, கிராணியாரே."

கொர்னேலியஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எண்ணெய் அடிச்ச எடத்துல அழுக்கு இருந்திருக்கும். சின்ன விசயம்லா. டீ ஆறுது, குடிங்க."

"மூடிய தொறந்து மோந்து பாக்கிறீங்களா?"

"நான் ஏன் மோக்கணும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தக் குரல்! பிரெட்ரிக் எழுந்துவிட்டார். "ஜூலியானா, கெளம்பு. சனிக்கெழம ஒண்ணும் கெடயாது."

"அங்கிள்." சுவரோரம் நின்ற ராய்ஸ்டன் முன்னால் வந்தான். "அது வெள்ளத்துச் சேறுதான். அப்ப கார் பள்ளத்தாக்குல எங்க சித்தப்பா வீட்டு வாசல்ல நின்னுச்சு. நான்தான் சீட்டெல்லாம் கழட்டிக் கழுவினேன். டேங்க சரியா கழுவல."

"வாய மூடுடா!" என்றார் கொர்னேலியஸ்.

"எத்தன நாளுப்பா மூடுறது?"

பிரெட்ரிக் அவன் பக்கம் திரும்பினார். "இவ்ளோ நாளு எங்க போயிருந்த நீ?"

பதில் ஜூலியானாவிடமிருந்து வந்தது. "அவரு சொல்ல வந்தாருப்பா. ரெண்டு தரம். எனக்கும் தெரியும். நீங்க பேச விட்டாத்தானே? ஒரு தரம் ஒரமூட்டக் கத. இன்னொரு தரம் சீட் பெல்ட்ட முழுசா இழுத்து, உள்ள சேறு இருக்கான்னு பாத்துக் கார் வாங்கணும்னு அவருக்கே பாடம் நடத்துனீங்க. அப்புறம் ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டீங்க. எப்படிச் சொல்றது?"

பாடம் நடத்திய அந்தச் சாயங்காலம் பிரெட்ரிக்குக்கு ஞாபகம் வந்தது. பையன் "அங்கிள், அந்தக் கார்..." என்று தொடங்கியதும், தான் அவன் தோளில் கை போட்டுப் பாடம் சொன்னதும். பாவிப் பையன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டானே! காது சுட்டது. கிராணியாரைப் பார்த்தபோது வந்த அருவருப்பில் ஒரு பங்கு திரும்பி வந்து தன் மேலேயே ஒட்டியது. துடைத்தாலும் போகாத ஒட்டு.

போத்தலைக் கையில் எடுத்தார்.

"சனிக்கெழம வா," என்றார் ராய்ஸ்டனிடம். "மோதிரம் மாத்துறதுக்கு முன்னால எல்லார் முன்னாலயும் இத சொல்லணும். சொன்னா பொண்ணு. சொல்லலன்னா இல்ல."

"சபையில வேணாம் சம்பந்தி," என்று கொர்னேலியஸ் முதல் தடவையாகக் கெஞ்சினார். "என் மானம் போயிரும். ஒங்க பேரும்தான் சேந்து போகும், யோசிங்க."

அது உண்மை. பிரெட்ரிக் யோசித்தார். பிறகு ஆறிப்போன தேநீரை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்.

சனிக்கிழமை வீடு நிறைந்த கூட்டத்தில் ராய்ஸ்டன் எழுந்து நின்று சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை. கிராணியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூ வியாபாரி நாகப்பன் பின்னாலிருந்து கேட்டான்: "அண்ணே, சேறு பாக்காத காரு! இப்பவாச்சும் ஒத்துக்குவீங்களா, இல்ல மீசயில மண்ணு ஒட்டலயா?"

வீடே சிரித்தது. பவுலின்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிரெட்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒட்டிருச்சுலா," என்றார். "சீட் பெல்ட்ட இழுத்துப் பாத்தவன் டேங்க மோந்து பாக்கல. சிரிச்சு முடிங்க, மோதிரம் மாத்தணும்."

தொட்டியை இறக்கிக் கழுவி, புது மிதவை போட்ட பிறகு முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அந்தச் சேறு மட்டும் போகவில்லை. பெட்ரோலை வடித்து, காயவைத்து, அதே ஹார்லிக்ஸ் போத்தலில் முன்கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறார், மாதா படத்துக்கு நேர் கீழே. பவுலின் எத்தனையோ தரம் தூக்கிப் போடப் பார்த்தாள், விடவில்லை. ராய்ஸ்டன் வந்தால் பிரெட்ரிக் இப்போதெல்லாம் முதலில் அவனைப் பேச விடுகிறார், அதுவும் சிரமப்பட்டு. கொர்னேலியஸ் வந்தால் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். தேநீர் கொடுப்பார்கள். கிராணியார் குடிப்பதற்கு முன் கோப்பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.