ஜெயந்தினி மிஸ்ஸியின் சிவப்புக் கார்

எங்கள் ஒழுங்கையில் ஜெயந்தினி மிஸ்ஸியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நம்பி இருக்கலாம்." தெல்லிப்பழைப் பக்கத்தில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக ஓய்வுபெறும்வரை ஸ்கூட்டியில் ஓடித் திரிந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா, சுன்னாகத்தில் மருந்து வாங்கவேண்டுமா, அவருடைய படலையைத் தட்டினால் போதும். அவர் கலியாணம் கட்டவில்லை. அதனால் வேறு வேலை இருக்காது என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

ஓய்வுபெற்றதும் கார் வாங்கப்போவதாகச் சொன்னார். ஒழுங்கையே மகிழ்ந்தது. எதற்கு மகிழ்ந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அச்சுவேலியில் கார் விற்கும் தேனுஜனிடம் இரண்டு நின்றன. ஒன்று சாம்பல் நிறம், நாலு கதவு, ஐந்து பேர் தாராளமாக இருக்கலாம், பின்னால் வெங்காய மூட்டையும் போடலாம். ஒருநாளும் வழியில் நின்றதில்லையாம். மற்றது சின்னச் சிவப்புக் கார். இரண்டே இரண்டு இருக்கை. கூரை பின்னுக்கு மடிந்துவிடும். சாமத்தியப்பட்ட பிள்ளையை ஏற்றிப் படம் பிடிக்கலாம் என்று வீடியோக்காரர்தான் அதை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மிஸ்ஸி சாம்பல் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து இறங்கினார். சிவப்புக்குள் ஏறியவருக்கு இறங்க மனம் வரவில்லை. கூடப் போன தம்பி ஜெபசீலனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, உது விளையாட்டுச் சாமான். சாம்பலை எடுங்கோ. எல்லாருக்கும் உதவும்."

"அதுதான் தம்பி பயமாக் கிடக்கு. அதை எடுத்தா நான் சாகுமட்டும் ஒழுங்கையின்ரை டிரைவர்."

சிவப்பையே எடுத்தார். இந்த வயதில் இவருக்கு என்ன வந்தது என்று பேசாத வாய் இல்லை.

எங்கள் பக்கத்தில் புது வாகனத்தின் முதல் ஓட்டம் நல்ல இடத்துக்குத்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரிக்கோ செத்தவீட்டுக்கோ போனால் பிறகு அது அங்கேயேதான் ஓடும் என்பார்கள். தேனுஜன் கொண்டுவந்து விட்டது கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய், அப்படியே கூரையைத் திறந்துகொண்டு தனியாகக் கீரிமலைக் கடற்கரை வரை ஓடுவது என்று மிஸ்ஸி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா, வேதக்கார வீட்டுக் கார் என்றும் பாராமல், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் பூரணத்தின் கணவர் நமசிவாயத்தாருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. பூரணம் அக்கா ஒழுங்கையில் ஓடினார். மிஸ்ஸி அப்போது காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கையக்கா ஓடுறியள்?"

"உவருக்கு நெஞ்சுக்கை இறுக்குதாம் பிள்ளை. சந்தியிலை ஓட்டோ பாக்கப் போறன்."

"நான் இஞ்சை நிக்கிறன். என்னைக் கூப்பிடேல்லையோ?"

"புதுக்கார் பிள்ளை. முதல் ஓட்டம்."

ஒருவரும் தன்னைக் கூப்பிடக்கூடாது என்று ஆசைப்பட்டுத்தான் மிஸ்ஸி அந்தக் காரை வாங்கினார். கூப்பிடாமல் போனபோது அவருக்குச் சுட்டது. உள்ளே ஓடிக் கார்த் திறப்பை எடுத்து வந்தார். நாலு தேசிக்காயும் நசிந்தன.

ஒரு இருக்கைதான் மிச்சம், அதில் நமசிவாயத்தார். பூரணம் அக்காவை நான் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். மூச்சு முட்டுகிறது, மேலே திற என்று நமசிவாயத்தார் கேட்டாராம். கூரை மடிந்தது. நெஞ்சில் கை வைத்தபடி அவர் திறந்த காரில் போனதைப் பார்த்து, ஏதோ கொண்டாட்டம் என்று நினைத்துச் சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். மிஸ்ஸி வெளியே வந்து காரைப் பார்த்தார்.

"இனி இது இஞ்சைதான் ஓடும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பூரணம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நமசிவாயத்தார் சுகமாகி வீட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியவே பூரணம் அக்கா புதிதாக நாலு தேசிக்காயோடு மிஸ்ஸியின் முற்றத்தில் நின்றார்.

"இதுதான் முதல் ஓட்டம். அண்டைக்குப் போனது சேராது."

"அதெப்பிடியக்கா சேராமல் விடும்?"

"நான் சொல்றன். ஏறு பிள்ளை."

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே ஏறிக் கூரையை மடித்தார். ஒழுங்கை முகப்பில் நீக்கிலாப்பிள்ளை பையோடு நின்றார். காரைக் கண்டதும் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். "மிஸ்ஸி, ஒரு சீற்று கிடக்கெல்லே?"

பூரணம் அக்கா தன் படலையடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"கையை இறக்குங்கோ. பிள்ளை சும்மா போறா."

மிஸ்ஸி சும்மா போகிறார் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தடவை. நீக்கிலாப்பிள்ளை கையை இறக்கினார். கார் அவரைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பியது. பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை.