போத்தலில் வைத்த சிவப்பு வட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே புல்லைக் கொல்லும் விஷ மருந்து அடிப்பவர். மீந்த மருந்தைப் பழைய சிரப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்னால் இருந்த காய்கறிப் பாத்தியைச் சுற்றி அடிப்பதற்கு. தோட்டக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பார்ப்பதற்குக் கோப்பி போலவே இருக்கும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் அதைக் குடித்துவிடுவாளோ என்று எனக்கு எந்நேரமும் பயம்.

நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். பள்ளியில் சுவரொட்டி வரைந்திருக்கிறேன். பெரிதாக இருப்பதும், பளிச்சென்ற நிறமும், சுற்றிலும் விட்ட வெற்றிடமும் கண்ணை இழுக்கும் என்று அங்கே படித்திருந்தேன். விஷம் என்று எச்சரிக்க எழுத்து வேண்டாம், லயத்தில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அதனால் போத்தலின் பழைய தாளை ஊறவைத்து உரித்து, வெள்ளைச் சாயம் அடித்து, நடுவில் சிவப்பாக ஒரே ஒரு வட்டம் வரைந்தேன். வாசலில் நின்று பார்த்தேன். சட்டி, வாளி, அடுப்பு எல்லாம் பின்வாங்கி, வட்டம் மட்டும் முன்னால் வந்தது. திருப்தியாக இருந்தது. மேல் பலகையில் வைத்துவிட்டு, உயரம் போதுமா என்று இரண்டு தடவை கையால் அளந்தேன்.

நான்காம் நாள் அவர் பாத்தியோரம் மருந்து அடித்துவிட்டு, போத்தலைப் பின்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியாது. துணி அலசிவிட்டுத் திரும்பினால், மகள் படியில் உட்கார்ந்து, மடியில் துண்டு சுற்றிய எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போடாதம்மா. பாப்பா தூங்குது. பொட்டு வச்சிருக்கு, பாரு.”

துண்டை விலக்கினேன். வெள்ளை முகம், நடுவே சிவப்புப் பொட்டு. நான் அப்படி ஒரு முகத்தை வரைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. துண்டு ஈரமாக இருந்தது.

“குடிச்சியா? வாயத் திற!”

நான் கத்தியதில் அவள் அழத் தொடங்கினாள். அவளையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காவும் பின்னாலேயே ஓடிவந்தார். மருந்து கொடுப்பவர் வாயைப் பார்த்தார், துண்டை முகர்ந்தார், போத்தலைத் திருகிப் பார்த்தார்.

“மூடிய என்னாலயே திருக முடியலம்மா. இந்தச் சின்னப் புள்ள எப்படித் திறக்கும்? துண்டுல சவுக்கார வாசம்தான் அடிக்குது, நீ அலசிப் போட்டதுதானே?”

ஆமாம், நான் அலசிய துண்டுதான். இருந்தும் திரும்பும் வழியில் மூன்று முறை அவள் வாயைத் திறந்து பார்த்தேன்.

“நல்ல வேள போ,” என்றார் அக்கா. பிறகு நின்றுவிட்டார். “ஏலா, எங்க வீட்டுப் போத்தல்லயும் நீதானே வட்டம் போட்டுக் குடுத்த?”

அவர் வீட்டில் மட்டுமல்ல. படித்த பிள்ளை என்று கேட்டார்களே என்று ஐந்து வீடுகளுக்கு வரைந்து கொடுத்திருந்தேன்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளேடும் கையுமாக வீடு வீடாகப் போனேன். தப்பாக வரைந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். நான்கு வட்டங்களைச் சுரண்டியாயிற்று. ஐந்தாவது வீடு பூட்டியிருந்தது. பீடோர் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். அங்கே இரண்டு பெண்பிள்ளைகள், சின்னவள் என் மகளைவிடச் சிறியவள். ஜன்னல் வழியே பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், தரையிலேயே இருந்தது போத்தல். உள்ளே இருட்டாக இருந்தும் வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பிள்ளைகள் இரண்டும் முன்னால் ஓடிவந்தன. நான் எழுந்து கதவை மறித்து நின்றேன்.

“என்னலா இது, எங்க வீட்டுக்கு நீ காவலா?” என்று சிரித்தார் அவர்களுடைய அம்மா.

“அக்கா, மொதல்ல நீங்க மட்டும் உள்ள போங்க,” என்றேன். “புள்ளைங்க என்கிட்டயே நிக்கட்டும்.”