வௌவாலுக்கு விற்க வேண்டிய சத்தம்

மட்டாஞ்சேரியில் சிடி வாங்கிப் பாட்டுக் கேட்டவர்களுக்குப் பரீதைத் தெரியாமல் இருக்காது. பாலஸ் ரோட்டில் முதலில் கேசட், பிறகு சிடி என்று விற்ற கடை அவருடையது. தகப்பனார் பாலக்காட்டிலிருந்து மிளகு வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர். மகனுக்கு மிளகு பிடிக்கவில்லை, பாட்டுதான் பிடித்தது. இப்போது அந்தக் கடையில் வேறு யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். பரீத் சாயங்காலமானால் அதே வாசலில் நாற்காலி போட்டுச் சாயா குடிப்பார்.

கடை நடந்த காலத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தங்கப் பூச்சு டிஸ்க், சாதாரண சிடிக்குள்ளேயே கூடுதல் நுணுக்கத்தை ஒளித்துவைத்த டிஸ்க் என்று கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். இவர் லேசில் விற்க மாட்டார். கேட்டு வருகிறவர்களிடம், "ரெண்டையும் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார். பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள், பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் இப்படித்தானே வரும் என்று சிரிப்பார்.

திருப்பூணித்துறை லக்ஷ்மிநாராயணன் மட்டும் இதற்கெல்லாம் மசியமாட்டார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்.

"ஓய் பரீதே, உமக்கு அது காதா, கண்ணாடி மாட்டற கொக்கியா? இந்த டிஸ்க்ல மேல்ஸ்தாயி எத்தனை நன்னா விரியறது!"

"விரியட்டும் சாமி. மனுஷனுக்குக் கேக்காத சத்தத்த என்கிட்ட எதுக்குக் கொண்டு வர்றீங்க? வௌவாலுக்கு வித்துக்கோங்க. தலைகீழாத் தொங்கிட்டு நல்லாக் கேக்கும்."

எத்தனை வருஷச் சண்டையோ அத்தனை வருஷ சிநேகம்.

பரீதின் மனைவி மெஹருன்னிசா போன வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனாள். போனில் அவள் குரல் ஒன்றிரண்டு கிடந்தது, வரும்போது மல்லித்தழை வாங்கிவரச் சொல்லி. அதைப் போட்டுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு சிடி இருந்தது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீத் வீட்டு முன்னறையில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து நாலைந்து பேர் பாடுவார்கள். அந்தத் தெரு வழக்கப்படி பெண்கள் உள்ளறையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். மெஹருன்னிசா பாட மாட்டாள். தொடையில் தாளம் போடுவாள். கைநிறையக் கண்ணாடி வளையல். ஒவ்வொரு தட்டுக்கும் அது சிணுங்கும். அதுவும் தாளத்துக்கு ஒரு இழை முன்னாலேயே விழும்.

"ஏண்டி, தபலாக்காரர் வர்றதுக்குள்ள நீ எங்க ஓடறே?"

"அவரு மெதுவா வந்தா நான் என்ன செய்ய? எனக்கு அடுப்புல சோறு கிடக்கு."

ஒரு மழைநாள் மத்தியானம் அப்படிப் பாடியதை மைக் வைத்துப் பிடித்துச் சிடியாகப் போட்டு வைத்திருந்தார் பரீத். வளையலும் அதில் விழுந்திருந்தது. அவள் இருந்த வரைக்கும் அதை எடுத்துக் கேட்கத் தேவைப்படவில்லை. போன பிறகு தைரியம் வரவில்லை.

அவளுக்காக ஓத வேண்டிய வருஷ ஃபாத்திஹா நெருங்கியபோது லக்ஷ்மிநாராயணன் வந்து கேட்டார். "அந்தச் சிடியைக் கொடும். எர்ணாகுளத்துல தெரிஞ்ச ஸ்டூடியோ இருக்கு. புது முறையில பண்ணித் தரச் சொல்றேன். அமுங்கிக் கிடக்கறதெல்லாம் எழும்பி வரும்."

"பிடிச்சதுல இல்லாதது டிஸ்க்ல வராது சாமி" என்றார் பரீத். ஆனாலும் கொடுத்தார். திரைக்குப் பின்னால் இருந்தவள் கொஞ்சம் முன்னால் வந்தால் என்ன என்று தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

புது டிஸ்க் வந்த அன்று, பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்த மகள் நௌரின் சமைக்க வந்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஆர்மோனியம் வந்தது. தபலா வந்தது. பாடுகிறவர் தொண்டையைச் செருமுவதுகூட வந்தது. வளையல் வரவில்லை.

பரீதுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தொடச்சுட்டானுங்களே சாமி! இரைச்சல்னு நெனச்சு வளையலத் தொடச்சு எடுத்துட்டானுங்க. இதுக்குத்தானா உங்க புது முறை?"

லக்ஷ்மிநாராயணன் வாயைத் திறந்தார், நௌரினைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பரீத் எடுத்துக்கொண்டார். "இருங்க, பழசப் போடறேன். இதுல கேளுங்க" என்று தானே எழுந்து பழைய சிடியைப் போட்டார்.

ஆர்மோனியம். தபலா. செருமல். சத்தத்தைக் கூட்டினார். சிடியை எடுத்துக் கைலியில் துடைத்து மறுபடியும் போட்டார். ஆர்மோனியம், தபலா, செருமல்.

அவருக்குச் சமையலறைக் குக்கர் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்பு விசில் அடிக்கவில்லை என்று வெயிட்டை மாற்றியிருந்தார். அதுவும் அடிக்கவில்லை என்று கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் சோறு குழைந்துகொண்டுதான் இருந்தது.

"நௌரின்," என்றார். "வளையல் இருக்கா?"

"இருக்கு அத்தா."

"எதுல?"

"ரெண்டுலயும்."

அவர் கூட்டிய சத்தத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தார். பிறகு பழைய கடைக்காரராகவே கேட்டார். "எதுல நல்லா இருக்கு?"

நௌரின் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே மாதிரிதான் இருக்கு ஓய். நீர் சொன்னதுதான்."

இத்தனை வருஷத்தில் சாமி தோற்றதே இல்லை. பரீத் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நௌரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வளையல் விழுகிற இடங்களில் அவர் முட்டியில் விரலால் தட்டினாள். இரண்டு மூன்று தட்டுக்குள் அவர் நிறுத்தினார்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் முந்தி விழும்."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "ஆமா அத்தா. முந்தித்தான் விழுது." விரலை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் சட்டென்று எழுந்தாள்.

"குக்கரா?"

"ம். இப்ப வந்துடறேன்."

விட்ட இடத்திலிருந்து பரீத் தன் முட்டியில் தானே தட்டிக்கொண்டிருந்தார், தபலாவுக்கு ஒரு இழை முன்னால். லக்ஷ்மிநாராயணன் புது டிஸ்க்கை உறையில் போட்டுப் பைக்குள் வைக்கப் போனார்.

"அத வச்சுட்டுப் போங்க சாமி" என்றார் பரீத். "பழசு கெட்டுப்போனா நௌரினுக்கு வேணும்."