இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

எங்கள் ஊரான காப்பாரின் அம்மன் சன்னதியில் அருகருகே வைத்திருந்த இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. ஒன்றில் மல்லிகை, மற்றதில் சிவப்பு இட்லிப்பூ இருக்க வேண்டும். கல்யாணம் பேசுமுன் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் மறுப்பு. படித்த பிள்ளை, ஏமாற்ற மாட்டான் என்று அம்மா என்னையே கட்டச் சொன்னார்.

நான் கட்ட விரும்பியவள் என்னோடு படித்தவள். படிக்கும்போதே காதல். கடலோரச் சேற்றுக்காட்டில் நடந்துகொண்டே, "மழ வாசன வருது, ஓடு!" என்பாள். வெயில் சுள்ளென்று அடிக்கும். நாங்கள் சாலையை எட்டுமுன் கொட்டித் தீர்க்கும். நோயாளியின் வாசலில் நின்றே, பிழைப்பாரா என்று முகர்ந்து சொல்வாள். அப்படிச் சொன்னபடியே ஒரு பெரியவர் இறந்ததும் ஊர் அவளைச் சூனியக்காரி என்றது. எனக்கு அவளிடம் பிடித்ததே அந்த விந்தைதான். ஈரக்காற்றில் கண்மூடி நிற்பவளிடம் காடே வந்து பேசுவதாக நம்பினேன்.

கோலாலம்பூருக்குப் பட்டப்படிப்புக்குப் போனதும் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "டேய் சூனியக்காரி மாப்பிள்ள! கட்டிக்கிட்டா உன்ன எலுமிச்சம்பழத்துக்குள்ள அடைச்சிருவா லா!" சிரித்தேன். உள்ளுக்குள் அவமானம் அரித்தது. அம்மாவோ, அம்மன் சரியென்றால் தனக்கும் சரி என்று இறங்கிவந்துவிட்டார். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டிலும் இட்லிப்பூவையே வைத்துக் கட்டினேன்.

பூசாரி அவளையே எடுக்கச் சொன்னார். குனிந்தவள் ஒரு கணம் நின்றாள். இலைக்குள் இருக்கும் மல்லிகையைத் தெருமுனையிலிருந்தே அறிகிற மூக்கு அது; அதை நான் மறந்திருந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதுவரை கேலியாக இருந்த பெயர் அன்று அம்மனின் தீர்ப்பாகிவிட்டது. அவள் தங்கைக்கும் வரன் வரவில்லை. குடும்பமே ஊரைவிட்டுப் போனது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு வாங்கினேன், வேறொருத்தியை மணந்தேன், மரியாதையாக வாழ்ந்தேன்.

மனைவி இறந்த பிறகு இந்த ஆண்டுதான் அவளைத் தேடிப் போனேன். சுங்கை பூலோவில் செடித்தோட்டம் வைத்திருக்கிறாள்.

"வா, உக்காரு. வழி தெரிய இவ்ளோ நாளாச்சா?"

சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் லா. ரெண்டுலயும் மல்லி இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"பயந்தவன் கழுத்துல நானே போய்த் தொங்கணுமா?" சிரித்தாள். உடனே முகம் மாறியது. "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? என் தங்கச்சி அந்தப் பேரோடயே செத்துப்போச்சு. காப்பார்ல போய்ச் சொல்லு."

போன வெள்ளிக்கிழமை அதே சன்னதியில் பூசை முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். இளையவர்களுக்கு அது யாரோ ஒருத்தியின் கதை. முன்னால் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி மட்டும் எழுந்தார்.

"அந்தப் புள்ள வாசலத் தாண்டிப் போனா நான் மஞ்சத்தண்ணி தெளிப்பேனேடா, பாவி!"

"தெரியும்க்கா."

"இப்ப எங்க இருக்கா?"

கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்து, என் காரின் கதவைத் திறந்துவிட்டேன்.