சீர்த்தட்டில் போன சான்றிதழ்

முதலியார்பேட்டை அமுதவல்லிக்கு மூக்குமேல் கோபம். பேங்கில் கடன் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். கடைசி நேரத்தில் கல்விக் கடன் கேட்டு ஓடிவந்து, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அழுத பெற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே அந்தக் கோபம் முற்றியது. ஓய்வு பெற்றதும் ஞாயிறுதோறும் பிளஸ் டூ பிள்ளைகளையும் பெற்றவர்களையும் தன் வீட்டு மாடியில் கூட்டிவைத்தாள். வருமானச் சான்றிதழ் எப்போது வாங்குவது, உதவித்தொகைக்கு எப்படி எழுதுவது, ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும், கடன் வாங்கினால் யார் தலையில் விழும், எல்லாம் சொல்வாள். காசு வாங்க மாட்டாள். திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

"கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்னாடியே நகை சேக்குறீங்க இல்ல? காலேஜுக்கு மட்டும் ரிசல்ட் வந்த அன்னிக்குதான் முழிச்சிக்குவீங்களா?"

ஒன்றை மட்டும் வாராவாரம் சொல்வாள். "கவர்மென்ட் லிஸ்ட் வர்ற வரைக்கும் ஒரிஜினல யாருகிட்டயும் குடுக்காதீங்க."

காலாப்பட்டுப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து முன்னால் உட்காருவாள், மீன் விற்கும் அஞ்சம்மாள். மகள் கலைமகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. இரண்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறவில்லை. அதே அஞ்சம்மாள்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் மகளோடு வந்து வாசலில் நின்றாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மாலை ஐந்துக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். ஒரிஜினல் இல்லை.

"எங்க போச்சு?"

"எங்கண்ணங்கிட்ட, மேடம்."

அண்ணன் ஆனந்தராஜ் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவன். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். மருமகள் பாஸானதற்குப் பட்டுப்புடவை, பழம், வெற்றிலை பாக்கு என்று சீர்த்தட்டு கொண்டுவந்திருக்கிறான். "சீட்டுக்கு அட்வான்ஸ் நானே கட்டிட்டன், சர்டிபிகேட்ட குடு" என்றிருக்கிறான்.

"தாய்மாமன் சீரு கொண்டாந்த தட்ட வெறுந்தட்டா எப்டி மேடம் அனுப்புறது? அதுலயே ஃபைல வெச்சிக் குடுத்துட்டேன்."

அமுதவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வெறுந்தட்டு ஆகாதுன்னா ஒரு பிடி சக்கரைய போட்டு அனுப்பு! பொண்ணோட பன்னெண்டு வருஷப் படிப்புதானா ஒனக்குக் கெடச்சுது?" கத்திக்கொண்டே செருப்பை மாட்டினாள். ஆட்டோவிலும் கத்தினாள்.

அந்தத் தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கங்க."

"பிடிச்சி வெக்கிறதுக்கு ஒங்களுக்கு எந்த அதிகாரமும் கெடையாது. தர மாட்டோம்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று அமுதவல்லி சீறினாள்.

அவன் கொட்டாவி விட்டான். புதிதாகச் சிலரைச் சேர்க்கக் கூட்டிவந்திருந்த ஆனந்தராஜும் அங்கேயே நின்றான். "மேடம், இது எங்க குடும்ப விஷயம்" என்றான்.

அதுவரை அஞ்சம்மாள் தலைகுனிந்து நின்றாள். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவள். வாதாடியே மணி இரண்டரை ஆகிவிட்டது. மகள் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி, மீன் மார்க்கெட்டில் கூவுகிற குரலை எடுத்தாள்.

"புள்ளைங்கள சேக்க வந்தவங்களே, கேளுங்க! இவன் எங்கூடப் பொறந்தவன். சீர்த்தட்டு எடுத்தாந்து எம்பொண்ணு சர்டிபிகேட்ட வாங்கினான். இப்ப நாலு வருஷக் காசு கட்டினாத்தான் தருவாங்களாம். ஒங்க ஃபைல கையிலயே வெச்சிக்குங்க!"

மேசைமேல் வைத்த ஃபைலை ஒருவர் திரும்ப எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கிளார்க் எழுந்து உள்ளே ஓடினான். பத்தே நிமிஷத்தில் கலைமகளின் ஃபைல் கைக்கு வந்தது.

ஆனந்தராஜ் வாசல்வரை வந்தான். "இனிமே ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் கெடையாது. ஒம்பொண்ணு கல்யாணத்துல எவன் மாமன் மால போடுறான்னு பாக்குறன்."

நாலரைக்கு அரசுக் கல்லூரியில் சேர்த்தாயிற்று. ரசீதோடு வெளியே வந்த கலைமகள், "மாமா நெஜமாவே வரமாட்டாரா மேடம்?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல அமுதவல்லிக்கு வாய் வரவில்லை. "வரமாட்டாரு" என்றாள். தன் பிள்ளையின் காகிதத்தைத் தானே கேட்டு வாங்க, கூடப் பிறந்தவனைத் தொலைக்க வேண்டுமா? அந்த ஆனந்தராஜை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்ட வாயெடுத்தாள்.

"அவன திட்டாதீங்க மேடம்" என்ற அஞ்சம்மாள், ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.